புல்லட்டும் ஜாவாவும்

எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு காலத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் அருகருகே நின்றன. ஒன்று தந்தையாரின் புல்லட். மற்றொன்று சித்தப்பாவின் ஜாவா. எது சிறந்தது என்ற வழக்கு இரவு உணவுக்குப் பின் திண்ணையில் நாள்தோறும் நடக்கும். தீர்ப்புக் கூற வேண்டிய அப்பத்தாவோ, "இரண்டும் என் பிள்ளைகளுடையவைதானே" என்று வழக்கை ஒத்திவைத்துவிடுவார்.

இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. சென்னையில் உருவான புல்லட் 346 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி. வேகம் குறைந்தாலும் இழுவை குறையாது. நெல் மூட்டையைக் கட்டிக்கொண்டு சிறுமலை ஏற்றத்தில் நிதானமாக ஏறும். 1961 முதல் மைசூரில் தயாரான ஜாவா 250 சிசி டூ ஸ்ட்ரோக். எடை குறைவு, முடுக்கியதும் பாயும். வால்வுகள் இல்லாததால் பழுது பார்ப்பதும் எளிது. ஆயினும் பெட்ரோலில் அளவறிந்து எண்ணெய் கலக்க வேண்டும். பெட்ரோலும் சற்றுக் கூடுதலாகவே செலவாகும்.

உண்மையான வேறுபாடு வண்டியைக் கிளப்புவதில் இருந்தது. ஜாவாவில் கியர் போடும் நெம்புகோலே மேலே திருப்பினால் உதைக்கும் மிதியாகிவிடும். பெரும்பாலும் ஓர் உதை போதும். புல்லட்டுக்குப் பொறுமை வேண்டும். அம்மீட்டர் முள் நடுவில் நிற்கும்வரை மெல்ல மிதித்து, டீகம்ப்ரசரை அழுத்திப் பிஸ்டனைச் சிறிது நகர்த்தி, அதன்பின் முழுமூச்சாய் ஓர் உதை. அவசரப்பட்டால் மிதி திருப்பி அடிக்கும்.

பாகப் பிரிவினையில் ஒரு வரப்புக்காக எழுந்த சச்சரவு முற்றத்தின் நடுவே சுவராக நின்றது. ஈராண்டுகள் அண்ணனும் தம்பியும் பேசவில்லை. திண்ணை வழக்கும் ஓய்ந்தது.

1979 ஐப்பசியில் ஒரு நள்ளிரவு அப்பத்தாவுக்கு நெஞ்சுவலி கண்டது. மருத்துவமனை எட்டு மைல் தொலைவில். தந்தையார் புல்லட்டிடம் ஓடினார். முள்ளையும் பார்க்கவில்லை, டீகம்ப்ரசரையும் தொடவில்லை. பதற்றத்தில் ஓங்கி உதைத்தார். திருப்பி அடித்த மிதி கணுக்காலைப் பதம் பார்த்தது.

ஒரு கணம் இருளில் அசையாது நின்றார். பிறகு நொண்டியபடியே சுவரைச் சுற்றிச் சென்று தம்பியின் கதவைத் தட்டினார். எட்டு மைலைவிட அந்தப் பத்தடிதான் அவருக்கு நெடுந்தொலைவாக இருந்திருக்க வேண்டும்.

"தம்பி, அம்மாவுக்கு..." என்றார். மேலே சொல் எழவில்லை.

"ஏறுங்கண்ணே" என்றார் சித்தப்பா. ஜாவா முதல் உதையிலேயே கிளம்பியது. முன்னே தம்பி, பின்னே அண்ணன், நடுவில் தாய்.

அப்பத்தா பிழைத்தார். காலில் கட்டோடு இருந்த தந்தையாரை அடுத்த ஒரு மாதம் வயலுக்கு ஏற்றிச் சென்றதும் அந்த ஜாவாதான். பொங்கலுக்கு முன் சுவரில் ஒரு வாசல் திறக்கப்பட்டது.

1996இல் மைசூர்த் தொழிற்சாலை மூடப்பட்டது. உதிரிப் பாகங்கள் அரிதாகி, சித்தப்பாவின் வண்டி ஓய்ந்தது. பின்னாளில் அவர் புல்லட்டின் பின்னிருக்கையில் அமர்ந்து சந்தைக்குச் செல்வார். வழக்கில் தாம் வென்றதாகத் தந்தையார் ஒருநாளும் கூறியதில்லை.

அந்தப் புல்லட் இன்று என்னிடம் உள்ளது. உதைக்குமுன் முள் நடுவில் நிற்கும்வரை காத்திருக்கிறேன். அந்தச் சிறு பொழுதில், யாருடைய கதவை நான் இன்னும் தட்டவில்லை என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.