எங்கள் தோட்டமும் இரண்டு யூனிட் செம்மண்ணும்

தோட்டம் என்றதும், தோழியரே, உங்கள் மனக்கண்முன் என்ன தோன்றும்? பூத்துக் குலுங்கும் ரோஜாவும், பச்சைக் கம்பளமாய் விரிந்த புல்வெளியும், ஓரத்தில் அடுக்கிய வெள்ளைக் கூழாங்கற்களும்தானே? எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. சென்ற ஆண்டு ஜூன் மாதம், ஒன்பதாம் வகுப்பில் காலடி வைத்த எங்களை மைதானத்தின் கிழக்கு மூலைக்கு அழைத்துச் சென்று, "இது இனி உங்கள் தோட்டம்" என்று தலைமையாசிரியை சிஸ்டர் சொன்னபோது, நாங்கள் 42 பேரும் கனவு கண்டது பூக்களைப் பற்றித்தான். மண்ணை எங்களில் ஒருத்தியும் நினைக்கவில்லை.

அந்த மூலை எப்போதும் வெறுமையாய் இருந்ததன்று. நாங்கள் ஒன்றாம் வகுப்பில் படித்த காலத்தில் அங்கே ஒரு குல்மோகர் மரம் நிழல் பரப்பி நின்றது. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, நகரெங்கும் விழுந்த பல்லாயிரம் மரங்களோடு அதுவும் விழுந்தது. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த அம்மரத்திற்கு அழகு அதிகம்; ஆனால் கிளை எளிதில் முறியும், வேரும் ஆழமாய்ப் போகாது. ஆயினும் பழி முழுவதையும் மரத்தின்மேல் போடுவது நியாயமன்று. மாணவியர் அமர்ந்து உணவருந்த வசதியாக, அதன் அடியைச் சுற்றி முன்னொரு காலத்தில் சிமெண்டு மேடை கட்டியிருந்தார்கள். விழுந்த மரத்தின் வேர்கள் வெளியே போக வழியின்றி, தொட்டிச் செடியின் வேர்போல வட்டமாய்ச் சுருண்டு கிடந்தனவாம். இதை எங்களுக்குச் சொன்னவர் தோட்டக்காரத் தாத்தா. எங்களில் சிலருடைய அம்மாக்கள் இதே பள்ளியில் படித்த நாளிலிருந்து இங்கே வேலை செய்பவர்.

பள்ளிச் சந்தையில் சுண்டலும் பஜ்ஜியும் விற்றுச் சேர்த்த பணம் எங்கள் கையில் இருந்தது. இடம் 30 அடிக்கு 20 அடி. நாலு அங்குலக் கனத்திற்குச் செம்மண் பரப்ப 200 கன அடி, அதாவது லாரிக் கணக்கில் 2 யூனிட் வேண்டும் என்று கணக்கு டீச்சர் போட்டுக் கொடுத்தார்கள். நர்சரிக்குப் போய் 20 இட்லிப்பூச் செடிகள், 12 ரோஜாக்கள், 2 மூட்டை வெள்ளைக் கூழாங்கல் எல்லாம் வாங்கினோம். செம்மண்ணுக்கு மட்டும் யாரும் போகவில்லை. ஒரு தொலைபேசி அழைப்போடு அது முடிந்தது. தியாகராய நகருக்குப் புடவை எடுக்கப் போனால் எங்கள் அம்மாக்கள் கரையைப் புரட்டி, உள்பக்கத்து நூலை இழுத்துப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதன் பிறகும் "வேறு காட்டுங்கள்" என்பார்கள். அவர்கள் பெற்ற பெண்களாகிய நாங்களோ, விலை குறைவு என்ற ஒரே காரணத்திற்காகக் கண்ணால் பாராத மண்ணுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டோம்!

மண் இரவில் வந்தது. காலையில் போய்ப் பார்த்தால், செக்கச் செவேலென்று ஒரு குன்று! நாங்கள் கைதட்டி ஆரவாரம் செய்தோம். தாத்தா மட்டும் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார். "இன்னா பாப்பா, இதுல மண்ணு வாசனையே வரலியே" என்றார். "பணம் கொடுத்தாகிவிட்டது தாத்தா, பரப்பிவிடுங்கள்" என்றோம். அவரும் பேசாமல் மண்வெட்டியை எடுத்தார்.

ஆடியில் நட்டோம். ஆவணியில் இட்லிப்பூச் செடிகளின் இளந்தளிர்கள் மஞ்சளாயின. புரட்டாசியில் 12 ரோஜாக்களில் 9 கருகிப்போயின. இனி எழுதப்போவதை எழுதாமலே விட்டுவிடலாமா என்று எங்களுக்குள் விவாதம் நடந்தது. எழுதத்தான் வேண்டும் என்று பலர் சொன்னதால் எழுதுகிறோம். தாத்தா சரியாகத் தண்ணீர் ஊற்றுவதில்லை, வயதாகிவிட்டதால் மறந்து போகிறார் என்று சிஸ்டருக்கு நாங்கள் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். 42 பேரில் 37 பேர் அதில் கையெழுத்திட்டோம். சிஸ்டர் அவரை அழைத்து விசாரித்தார்கள். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "நான் தண்ணி ஊத்தினேன் சிஸ்டர்" என்ற ஒரு வாக்கியத்தைத் தவிர அவர் வேறெதுவும் சொல்லவில்லை. மண்ணைப் பற்றியும் அவர் வாய் திறக்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து வேறு ஆளைப் பார்க்கலாமா என்ற பேச்சு அலுவலகத்தில் எழுந்ததாகக் கேள்விப்பட்டபோதுதான் எங்களுக்கு வயிற்றைப் பிசைந்தது.

உண்மையை வெளிக்கொணர்ந்தவர் எங்கள் வேதியியல் டீச்சர். தற்செயலாக அவ்வழியே வந்தவர், ஓர் இட்லிப்பூ இலையைக் கிள்ளி எங்களிடம் காட்டினார்கள். இலை மஞ்சள், நரம்புகள் மட்டும் பச்சை. "தண்ணீர் இல்லாமல் வாடும் செடி இப்படி இருக்காது. இது இரும்புச் சத்து கிடைக்காத செடி. மண்ணில் சுண்ணாம்பு மிகுந்தால் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது" என்றார்கள். ஆய்வகத்திலிருந்து வினிகர் சீசா வந்தது. ஒரு பிடி மண்ணின்மேல் சில சொட்டுகள் விட்டதும், அப்பப்பா! சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் நுரைத்தது. சுண்ணாம்பும் சிமெண்டும் அமிலத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு வெளிவரும் என்பது நாங்கள் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பாடம்தான். (கிளிஞ்சல் கலந்த கடற்கரை மணலும் இப்படி நுரைக்கும். ஆகவே மயிலை, அடையாறு வாசிகள் முதலில் கண்ணால் உற்றுப் பார்த்துவிட்டுச் சோதிப்பது நலம்.)

மண்ணைச் சல்லடையில் போட்டுச் சலித்தோம். செங்கல் துண்டு, காரைக்கட்டி, கம்பித் துணுக்கு, ஓட்டுச் சில்லு என்று வந்துகொண்டே இருந்தது. பூப்போட்ட குளியலறை டைல்ஸ் துண்டு ஒன்றும் கிடைத்தது. எங்கள் தோட்டத்தில் அதுவரை பூத்த ஒரே பூ அதுதான்! நாங்கள் செம்மண் என்று வாங்கியது, எங்கோ இடித்த கட்டடத்தின் குப்பை. அதன் சிவப்பு செங்கல் பொடியின் சிவப்பு. சென்னையில் பழைய வீடுகள் இடிபட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன அல்லவா? சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய சுவர்கள் இடிந்த பின் எங்கே போகின்றன என்று நாங்கள் அதற்கு முன் யோசித்ததே இல்லை.

அன்று மாலையே கையெழுத்திட்ட 37 பேரும் தாத்தாவின் கொட்டகைக்குப் போனோம். மன்னிப்புக் கேட்க எழுதி எடுத்துச் சென்ற வாசகத்தைப் படிக்க எங்கள் தலைவிக்குத் தொண்டை அடைத்தது. "அட, வுடு கண்ணு! செடிக்கு வாய் இருந்தா அதுவே சொல்லியிருக்கும். எனக்கு வாய் இருந்தும் நானும் சொல்லல பாரு" என்றார் தாத்தா. சிஸ்டரிடம் எங்கள் கடிதத்தைத் திருப்பிக் கேட்டோம். அவர்கள் கொடுத்தார்கள், கூடவே, நாங்களே அந்த 200 கன அடியையும் அள்ள வேண்டும் என்ற உத்தரவையும் கொடுத்தார்கள். நான்கு வாரம் உடற்பயிற்சி வகுப்பு முழுவதும் கூடையும் கையுமாக நின்றோம்.

அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை தொல்காப்பியப் பூங்காவுக்கு எங்களை அழைத்துச் சென்றார்கள். அடையாறு உப்பங்கழியில் பல்லாண்டுகள் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கர் நிலத்தைச் சீர்செய்து 2011 ஜனவரியில் திறந்த பூங்கா அது. முதலில் குப்பையை வெளியேற்றி, நீர் வந்துபோக வழி செய்து, அதன் பிறகே நம் நாட்டு மரஞ்செடிகளை நட்டார்கள் என்று கேட்டபோது, கூடை தூக்கிக் காய்த்துப்போன எங்கள் கைகளை ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்துக்கொண்டோம்.

இரண்டாம் முறை நாங்கள் அவசரப்படவில்லை. வீட்டு மண்ணை ஆளுக்கொரு பிடி கொண்டுவரச் சொன்னார்கள் டீச்சர். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி நீர், நன்றாகக் குலுக்கி ஜன்னலோரம் வைத்துவிட வேண்டும். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில். களிமண் ஒரு நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். அடையாற்றுத் தோழியின் பாட்டில் சொல்லி முடிப்பதற்குள் தெளிந்துவிட்டது, அத்தனையும் மணல். தியாகராய நகர்த் தோழியின் பாட்டிலோ இரண்டு நாளாகியும் காப்பி நிறத்திலேயே நின்றது. அவளுக்குச் சற்று வருத்தம். ஆனால் அதன் காரணம் கேட்டதும் பெருமிதமாகிவிட்டது. தியாகராய நகர் ஒரு பெரிய ஏரியின் படுகையில் எழுந்த ஊர். 1920களில் அந்த நெடிய ஏரியின் நீரை வடித்துவிட்டுத்தான் அங்கே தெருக்களும் மனைகளும் போட்டார்கள். ஏரி போய்விட்டது, அதன் களிமண் தன் பிறப்பை மறக்கவில்லை.

ஆகவே சென்னைத் தோட்டத்திற்கு இன்னது வாங்கு என்று ஒரே பட்டியல் எழுத முடியாது. மணல் நிலத்தில் நீர் நிற்காது. அதற்கு மக்கிய எருவும் நல்ல செம்மண்ணும் வேண்டும். களிமண்ணுக்கும் எருதான் மருந்து. இளக்கம் தரும் என்று எண்ணிக் கொஞ்சம் மணலைக் கொட்டினால் அது காய்ந்து செங்கல்லாக இறுகும். மேலும் மணலுக்காக ஆறுகளைத் தோண்டியது போதும். பாலாறு பட்ட பாடு நாம் அறியாததன்று.

எருவைத் தேர்ந்தெடுப்பது தாத்தாவின் பொறுப்பு. குவியலுக்குள் முழங்கை வரை கையை விடுவார். சூடாக இருந்தால் இன்னும் மக்கவில்லை. அதைப் போட்டால் வேர் வெந்துவிடும். நன்கு மக்கிய எரு குளிர்ந்து, உதிர்ந்து, மழை பெய்த மண்போல் மணக்கும். நாங்கள் அதிலும் திருப்தியடையாமல், ஒரு தொட்டியில் அந்த எருவைக் கலந்து 10 தட்டைப்பயறு ஊன்றினோம், 9 முளைத்தன. தென்னை நார்க்கழிவுக் கட்டியை மும்முறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்தோம், அதில் உப்பு இருக்கக்கூடும் என்பதால்.

வெள்ளைக் கூழாங்கற்களை நர்சரியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டோம். பங்குனி வெயிலில் அவை வாணலிபோல் காய்ந்து, பக்கத்துச் செடியை வாட்டும். பிளாஸ்டிக் புல் விரிக்கலாம் என்று ஒருத்தி சொன்னாள். அவள் பெயரை இங்கே எழுத வேண்டாமென்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. நடைபாதைக்கு, இடிபாட்டில் கம்பியும் கண்ணாடியும் பொறுக்கி நீக்கியபின் எஞ்சிய செங்கல் சில்லுகளையே அடியில் இடித்துப் பரப்பி, மேலே பழைய கடப்பா கற்களைச் சிமெண்டு பூசாமல் இடைவெளி விட்டுப் பதித்தோம். எங்களை ஏமாற்றிய குப்பை எங்கள் காலடியில் உருப்படியாயிற்று.

நடுவில் ஒரு புன்னைக் கன்று. கடற்காற்றையும் மணலையும் விரும்பும் மரம். மயிலைக்கும் அதற்கும் உறவு பழையது. கபாலீசுவரர் கோயிலின் தல மரமே புன்னைதான். அதைச் சுற்றி மேடை கட்டுவதில்லை என்று வகுப்பில் தீர்மானம் நிறைவேற்றினோம். பிழைத்த 3 ரோஜாக்களும் 7 இட்லிப்பூச் செடிகளும் புதிய மண்ணில் இடம் பிடித்தன. ஐப்பசி மழையில் மைதானம் முழுதும் குளமாய் நின்ற நாளில், எங்கள் மூலையில் மட்டும் அரை மணியில் நீர் உள்ளே இறங்கிவிட்டது. குடை பிடித்துக்கொண்டு அதை நின்று பார்த்தோம். முதல் பாடவேளைக்குத் தாமதமாகி வெளியே நிற்கவும் நேர்ந்தது.

ஓரிடத்தில் மண் சற்று அமிழ்ந்ததால் இவ்வாண்டு ஜூன் மாதம் மேலும் அரை யூனிட் தேவைப்பட்டது. பகலில்தான் வரவேண்டும் என்று சொல்லியிருந்தோம். லாரி வாயிலுக்குள் வந்ததும் தாத்தா கையை உயர்த்தி நிறுத்தினார். ஓட்டுநர் இறங்கி, "நம்ம மண்ணு பெரியவரே, சுத்தமான மண்ணு" என்றார். தாத்தா பதில் பேசாமல் சட்டைப் பையிலிருந்து வினிகர் சீசாவை எடுத்தார். மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்து மண்ணை இலையில் வைத்துச் சொட்டுவிட்டு, காதருகே கொண்டுபோய்க் கேட்டார். பின்னர் ஒரு பிடியை எங்கள் பக்கம் நீட்டினார். நாங்கள் ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்துத் தலையாட்டினோம்.

"கொட்டுப்பா" என்றார் தாத்தா.