2-இன் தலைமேல் ஒரு 1

23 × 24 = 552. ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் ஒன்றில் இருந்தது. நான் கேட்ட கணக்கோ 2³ × 2⁴, விடை 128.

கோட்டைப்பட்டினத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த காலம். வீட்டில் வேர்டில் அடித்த வினாத்தாளைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு ஈசிஆர் ஓரத்து டிடிபி கடைக்குப் போனேன். அங்கே வேர்டு பழசு. திறந்ததும் வரிகள் குலைந்து கிடந்தன. கடைத் தம்பி எழுத்தை மட்டும் காப்பி எடுத்து வேறு ஃபைலில் ஒட்டினார். அடுக்குகள் எல்லாம் இறங்கி வந்து பக்கத்து எண்ணோடு உட்கார்ந்துவிட்டன. வெளியே போட்டுக்கு ஐஸ் ஏற்றிப் போகும் வண்டிகளின் சத்தம். கரண்ட் போய்விடுமோ என்ற அவசரத்தில் நானும் புரூஃப் பார்க்கவில்லை.

இராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களை 1957-இல் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டபோது அச்சுக் கோக்கவே இல்லை. அவர் கையெழுத்தை அப்படியே படமெடுத்து 2 தொகுதிகளாகப் போட்டார்கள். படத்தில் எதுவும் இடம் மாறாது. ஆனால் படத்தில் ஓர் எண்ணைத் திருத்தவும் முடியாது.

என்னுடைய பழைய வினாத்தாள்களும் இப்போது அப்படித்தான் ஆகிவிட்டன. அவற்றில் சூத்திரங்களை ஈக்வேஷன் எடிட்டர் 3.0-இல் பெட்டி பெட்டியாகத் தேடிப் போட்டிருந்தேன். வேர்டு 2007-லேயே புதிய முறை வந்துவிட்டது. பழைய எடிட்டரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் 2018 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதை நீக்கியது. இன்றைக்கும் வர்க்கமூலம் திரையில் தெரிகிறது. இரண்டு தடவை சொடுக்கினால் திறப்பதில்லை. அத்தனை வருட உழைப்பு கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் இருக்கிறது.

தமிழக அரசு 2011-இல் மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினியில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. பிளஸ் டூ பையன் ஒருவன் லினக்ஸ் பக்கம் சூத்திரம் அடிக்கும் மென்பொருளைத் திறந்து காட்டினான். "சார், பெட்டியெல்லாம் தேட வேணாம். 1 ஓவர் 2-னு அடிங்க." அடித்தேன். பின்னம் எழுந்து நின்றது, தொகுதி மேலே, பகுதி கீழே. 2-க்கும் 3-க்கும் நடுவே தொப்பிக் குறி (^) போட்டால் 3 மேலே ஏறியது. கரும்பலகைக்கு முன்னால் நின்று "ரெண்டு பவர் மூணு" என்று நான் வாயால் சொல்கிற அதே வரிசை! அச்சில் வந்த தன் புத்தகப் பக்கங்களின் அழகின்மை பொறுக்காமல் 1977-இல் டொனால்ட் நூத் டெக் மென்பொருளில் இறங்கினார். அதிலும் இதே தொப்பிதான். எது எதன் மேல் என்று சொல்லாகவே எழுதி வைத்துவிட்டால், சூத்திரமே காணாமல் போனாலும் அந்தச் சொல்லைப் படித்துத் திரும்ப எழுதிவிடலாம். கணக்கு அடிக்கிற எல்லாரிடமும் இதைக் கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது.

552 என்று எழுதிய அந்தப் பெண்ணின் அப்பா விசைப்படகில் போகிறவர். அவள் வகுப்பில் அதிகம் பேச மாட்டாள். அச்சில் வந்திருப்பது தப்பாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பெருக்கலில் ஒரு பிசகும் கிடையாது; முழு மார்க் போட்டேன். தாளின் ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்திருந்தாள். முந்நான்கு 12, மீதி 1. அந்த 1-ஐ, 23-இல் இருந்த 2-இன் தலைக்கு மேல், சின்னதாக எழுதியிருந்தாள்.