கிருமிக்கு என்ன பெயர் வைப்பது?

நம் வீடுகளில் பிள்ளைக்குப் பெயர் வைப்பது சின்ன விஷயமன்று. நட்சத்திரம் பார்த்து, முதல் எழுத்து தேடி, பெரியவர்கள் காதில் மூன்று முறை சொல்லி வைக்கிறோம். நோய்க்கு வைக்கும் பெயரும் மனிதர்களைத் தொடும் என்பதை நான் 2020இல் தெரிந்துகொண்டேன்.

அப்போது தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். கெடாவில் ஒரு கோவிட்-19 தொற்றுத் திரள் கண்டறியப்பட்டது. தமிழ்நாட்டின் சிவகங்கையிலிருந்து திரும்பிய ஒருவரிடமிருந்து தொடங்கியதால் அதற்குச் 'சிவகங்கா திரள்' என்று பெயர் வந்தது. ஆகஸ்டு 16ஆம் தேதி, அத்திரளின் மூன்று மாதிரிகளிலும் உலு திராம் திரளின் ஒரு மாதிரியிலும் 'டி614ஜி' என்ற மரபணு மாற்றம் இருப்பதாக அறிவித்தார்கள். அந்த மாற்றம் அதற்கு முன்பே உலகெங்கும் பரவியிருந்தது. ஆனால் மக்கள் மனத்தில் நின்றது சிவகங்கைதான்.

எங்கள் ஊர் கம்போங் ராஜா. கேமரன் மலையின் வடகோடியில் இருக்கும் குளிரான ஊர். காலையில் இருமாதவர்கள் குறைவு. ஒரு நாள் வகுப்பில் நான் இருமியதும் பின் வரிசையிலிருந்து ஒருவன், "சிவகங்கா!" என்றான். வகுப்பே சிரித்தது. என் கொள்ளுத்தாத்தா சிவகங்கைப் பக்கத்திலிருந்துதான் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். பாட்டி கதைகதையாகச் சொன்ன ஊரின் பெயர், அன்று கேலிச்சொல்லாகக் காதில் விழுந்தது.

அப்படியென்றால் கிருமியின் பதிவில் ஊர்ப்பெயரே கூடாதா? பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவம் படிக்க வந்த பிறகுதான் இதற்கு விடை கிடைத்தது. மாதிரி வேறு, நோய் வேறு.

என் பாட்டியின் பெயர் லெட்சுமி. ரூமி எழுத்தில் அது பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும், அடையாளக் கார்டில் வேறு விதமாகவும், கிளினிக் அட்டையில் இன்னொரு விதமாகவும் இருக்கிறது. மூவரும் ஒருவரே என்று காட்ட அடையாளக் கார்டு எண்தான் உதவுகிறது. மாதிரிகளுக்கும் இதே சிக்கல் உண்டு. ஒவ்வோர் ஆய்வகமும் தன் விருப்பப்படி பெயரிட்டால், ஒரே மாதிரியை இரண்டாக எண்ணிவிடலாம். ஊர்ப்பெயர் மட்டும் போதாது. 'கம்போங் ராஜா' என்று மட்டும் எழுதினால் எங்கள் ஊரா, திரங்கானுவின் பெசுட் மாவட்டத்தில் உள்ள கம்போங் ராஜாவா என்று யாருக்குத் தெரியும்?

அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் 1980இல் இன்புளுவென்சா கிருமிகளுக்கு ஓர் ஒழுங்கை வகுத்தது. கிருமியின் வகை, மனிதரல்லாத உயிரிடம் எடுத்தால் அதன் பெயர், இடம், ஆய்வக எண், ஆண்டு என்ற வரிசையில் எழுத வேண்டும். கோவிட் கிருமியின் மரபணு வரிசைகளையும் இதைப் போன்ற ஒழுங்கிலேயே பதிந்தார்கள். குழந்தைகளின் மூச்சுக்குழலைத் தாக்கும் ஆர்எஸ்வி கிருமிக்கும் 2021இல் ஆய்வாளர்கள் இத்தகைய முறையை முன்மொழிந்தார்கள்.

இந்த ஒழுங்கில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. 2004இல் இங்கு எடுத்த ஒரு மாதிரியின் பெயர் 'பி/மலேசியா/2506/2004'. 2006, 2007ஆம் ஆண்டுகளில் பல நாடுகளின் இன்புளுவென்சா தடுப்பூசியில் அந்த வகையே இடம்பெற்றது. அதனால் 'மலேசியக் காய்ச்சல்' என்றொரு நோய் பிறந்துவிடவில்லை. அந்தப் பெயரில் மலேசியா ஒரு முகவரி மட்டுமே.

நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்தின் கதை வேறு. 1999இல் கண்டறியப்பட்ட கிருமிக்கு அதன் பெயரையே வைத்தார்கள். 2018இல் கேரளத்தில் அந்நோய் பரவியபோது, அந்தக் கிராமத்தைக் கேள்விப்படாதவர்களும் அதன் பெயரை அச்சத்தோடு உச்சரித்தார்கள்.

2015இல் உலகச் சுகாதார நிறுவனம், புதிய நோய்களுக்கு ஊர், மனிதர், விலங்கு ஆகியவற்றின் பெயர்களை வைக்க வேண்டாமென்று கேட்டுக்கொண்டது. 2021 மே 31ஆம் தேதி கோவிட் திரிபுகளுக்குக் கிரேக்க எழுத்துகளைக் கொடுத்தது. பலரும் 'இந்திய வகை' என்றழைத்த பி.1.617.2, 'டெல்டா' ஆனது. அதற்குள் நம்மவர் பலர் எத்தனையோ பார்வைகளைத் தாங்கியிருந்தார்கள்.

நம்மில் சிலர் நாளை ஆய்வகங்களில் பணியாற்றுவோம், சிலர் செய்தி எழுதுவோம். ஆய்வகத்தில் இருப்பவர் மாதிரிக் குப்பியின் மேல் இடம், எண், ஆண்டு எதையும் விடாமல் எழுதட்டும். செய்தி எழுதுபவர் அந்த இடத்தின் பெயரை நோயின் தலையில் ஏற்றாமல் இருக்கட்டும். ஏதோ ஒரு வகுப்பில் அந்த ஊர்க்காரரின் பேரப்பிள்ளை உட்கார்ந்திருக்கக்கூடும்.