வலசைப் பாதையில் ஒரு நாள்

ஹட்டன் பக்கத்திலிருந்து மன்னாருக்குப் போவதென்றால் வழக்கமாக இரண்டே காரணம்தான். ஆகஸ்டில் மடு மாதா திருவிழா, மாசியில் திருக்கேதீஸ்வரம் சிவராத்திரி. தோட்டத்தில் பஸ் பேசி, சோறு கட்டிக்கொண்டு போய், கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். பலபேர் மன்னார்த் தீவுக்குள் கால் வைத்தே இருக்கமாட்டார்கள்.

இந்த ஜனவரியில் நானும் தம்பியும் இரண்டு கூட்டாளிகளும் வேறு மாதிரி போனோம். ஒருநாள் பிரைவேட் டூர். வேன், டிரைவர், கூடவே ஒரு கைட். "மன்னாரின் மரபும் வனவிலங்கும்" என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். நாலு பேர் பிரித்துக் கொடுத்தால் கட்டுப்படியாகிற காசுதான். முதல்நாள் இரவே மன்னார் டவுனில் போய்த் தங்கிவிட்டோம்.

காலை ஐந்தரைக்குக் கைட் வந்தார். மன்னார்ப் பொடியன்தான், எங்கள் வயசு இருக்கும். முதலில் வங்காலை. 2008இல் சரணாலயமாகவும் 2010இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட இடம். மன்னாருக்குப் போகும் பெரிய ரோட்டின் ஓரத்திலேயே தண்ணீர் தெரியும். வேனை விட்டு இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆழமில்லாத உப்புநீர். அதில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. முதலில் அது என்னவென்றே விளங்கவில்லை. தூரநோக்கியைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டு "இப்ப பாருங்கோ" என்றார். பூநாரைகள். தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, சேற்றைச் சலித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. கொஞ்சம் தள்ளி ஊசிவால் வாத்துகள், கரையோரம் ஓடித்திரிகிற உள்ளான்கள்.

"இதுகள் சும்மா வாறேல்ல அக்கா. தங்கட இடத்தில குளிர் தொடங்க, சாப்பாடு தேடி வருதுகள். பூநாரை இந்தியாவில கட்ச் பக்கமிருந்து வருதெண்டு சொல்லுறவை. வாத்து அதையும் தாண்டி, சைபீரியாப் பக்கமிருந்து. வலசைப் பாதை எண்டு ஒண்டு இருக்கு. அதில மன்னார் முக்கியமான வாசல்."

அந்த "வலசை" என்ற சொல்லை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. அதில் ஒரு மரியாதை இருந்தது. நாங்களும் வாயைத் திறந்துகொண்டு கேட்டோம்.

அடுத்தது கோட்டை. 1560இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், பிறகு திருத்திக் கட்டினார்கள், 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. நாலு கொத்தளம், சுற்றிலும் அகழி, உள்ளே கூரையில்லாத தேவாலயச் சுவர்கள். அங்கிருந்து பள்ளிமுனையில் இருக்கிற பெருக்க மரம். ஆப்பிரிக்காவின் மரம். அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்பது ஊர்வழக்கு. அடிமரத்தின் சுற்றளவு 19 மீட்டருக்கு மேல். நாங்கள் நாலு பேரும் கையை நீட்டிச் சேர்த்துப் பிடித்தும் பாதி கூட வரவில்லை. டவுனில் நடுரோட்டில் நின்று வழிவிடாத கழுதைகளைக் காட்டி, "இவையும் அரபுக்காரரோட வந்தவைதான்" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

ஒல்லாந்தர் வந்த கதை இருக்கிறது. மரம் வந்த கதை இருக்கிறது. கழுதை வந்த கதை கூட இருக்கிறது. மத்தியானம் தலைமன்னாருக்குப் போகும்வரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அங்கே பழைய இறங்குதுறையின் துருப்பிடித்த இரும்புக்கால்களைக் காட்டிக் கைட் சொன்னது இவ்வளவுதான். "1914இல இருந்து இங்கயிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடினது. கொழும்பில ரயில் ஏறினால் மெட்ராஸ் வரைக்கும் ஒரே டிக்கெட். 1964 புயலில தனுஷ்கோடி அழிஞ்சு போச்சு. பிறகு ராமேஸ்வரத்துக்குக் கொஞ்சக் காலம் ஓடினது. சண்டையோட அதுவும் நிண்டுட்டுது." சொல்லிவிட்டு ஆதாம் பாலத் திட்டுகளைப் பார்க்கக் கூப்பிட்டார்.

தம்பிதான் கேட்டான். "அண்ணே, தோட்டத்து ஆளுங்க எறங்குன எடம் எது?"

கைட் கொஞ்சம் யோசித்தார். "நீங்கள் மலையகமோ?"

"ஆமாண்ணே. ஹட்டன்."

"உண்மையாச் சொல்லுறன் தம்பி, இதுவரைக்கும் ஒருத்தரும் என்னட்டக் கேட்டதில்லை."

எங்கள் ஆட்கள் இந்தக் கரையில் இறங்கினது ரயிலுக்கும் கப்பல் சேவைக்கும் பல பத்தாண்டு முந்தி. 1820களில் கோப்பித் தோட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பஞ்சமும் சாதிக்கொடுமையும் துரத்த, கங்காணிகளின் பின்னால் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரை காட்டுக்குள் நடந்தார்கள். 200 கிலோமீட்டருக்கும் மேல். வாந்திபேதி, காய்ச்சல், பட்டினி. வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கோப்பிக் காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலானோர் நிரந்தரமாகத் தங்க வரவில்லை. பழம் பறிக்கிற பருவத்துக்கு வந்து, வேலை முடிந்ததும் அதே பாதையில் ஊருக்குத் திரும்பினார்கள். அடுத்த பருவத்துக்குத் திரும்ப வந்தார்கள். 1869இல் இலைநோய் தாக்கிக் கோப்பி அழிந்து, அந்த இடத்தில் தேயிலை வந்தபிறகுதான் வருஷம் முழுக்க ஆள் தேவைப்பட்டது. அதனால்தான் லயங்களில் குடும்பம் குடும்பமாகத் தங்கினார்கள். காலையில் கைட் சொன்ன அதே சொல்தான், வலசை. ஆனால் எங்களுக்குக் கிடைத்த சொல் "கள்ளத்தோணி". அப்பா பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டு வளர்ந்தவர். எங்கிருந்து வந்தோம் என்று பிள்ளைகளிடம் பேசவே யோசிக்கிற ஒரு தலைமுறையை அந்தச் சொல் உண்டாக்கிவிட்டது.

அந்தத் துறைமுகத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்றும் 3 லட்சம் பேருக்கு இங்கே குடியுரிமை என்றும் கணக்குப் போட்டது. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்படிப் போனவர்கள் ஏறினதும் இதே தலைமன்னாரில்தான். மலையிலிருந்து அவர்களை ஏற்றிவந்த ரயிலுக்கு எங்கள் சனம் வைத்த பெயர் "ஒப்பாரி கோச்சி". எங்கள் அப்பாயியின் அக்கா குடும்பம் அதில்தான் போனது. "ஸ்டேசன்ல கோச்சி கெளம்புறப்ப அவ கைய விடவே மாட்டேன்னுட்டா" என்று அப்பாயி சொல்லும். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளவே இல்லை. அந்தக் கை கடைசியாக இலங்கையைத் தொட்ட இடம் இந்த இரும்புக்கால்களுக்குப் பக்கத்தில் எங்கேயோ இருக்கும்.

இதையெல்லாம் கைட்டிடம் சொன்னோம். அவர் ஆதாம் பாலத்தை மறந்துவிட்டு அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எங்கட அம்மா ஆக்கள் 90இல இந்தக் கரையாலதான் போட்டில போனவை. மண்டபம் காம்பில இருந்தவை." மண்டபம் முகாம்! தோட்டங்களுக்கு வந்தவர்களை இலங்கை அரசாங்கம் மருத்துவப் பரிசோதனைக்கு நிறுத்திவைத்த இடம் அது. எங்கள் தாத்தாவின் அப்பா அங்கே இருந்துதான் வந்தார். பிற்காலத்தில் அதே இடம் இலங்கை அகதிகளுக்கான முகாமானது. எங்கள் கொள்ளுத்தாத்தாவும் அவருடைய அம்மாவும் எதிரெதிர்த் திசையில் போய் ஒரே முகாமில் நின்றிருக்கிறார்கள். இதற்குப் பிறகு அந்த டூரில் யார் கைட், யார் பயணி என்ற வித்தியாசமே இல்லாமல் போய்விட்டது.

எனக்கு அவர்மேல் கோபம் ஒன்றும் இல்லை. கேட்கிற ஆள் இல்லாத கதையை எந்த கைட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கமாட்டார். எங்கள் ஊரை மட்டும் என்ன வாழ்கிறது? நுவரெலியாவில் ஒருநாள் டூர் எடுத்துப் பாருங்கள். கிரகரி வாவி எந்த ஆளுநர் பெயரில் இருக்கிறது என்று சொல்வார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதைச் சொல்வார்கள். அந்த 19 ஏக்கரில் காடு வெட்டினது யார் என்று சொல்லமாட்டார்கள். வியூ பாயிண்டில் வேனை நிறுத்தினால் கொழுந்துக்கூடையோடு நிற்கிற அக்காமார் போட்டோவுக்கு. பேர் கூடக் கேட்பதில்லை. ஆனால் விக்டோரியா பார்க்கில் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு ஆறுமணிக்குருவி எந்தக் கடலைத் தாண்டி, எந்த மாதம் வருகிறது என்று கைட் துல்லியமாகச் சொல்வார். அந்தச் சின்னக் குருவிக்குக் கிடைக்கிற வரலாறு அதே பார்க்கைக் கூட்டுகிற அம்மாவுக்குக் கிடைப்பதில்லை.

இது மாறவே மாறாது என்று சொல்ல வரவில்லை. 2023இல், வந்து 200 வருஷம் ஆனதை நினைத்து, "மாண்புமிகு மலையக மக்கள்" என்ற கூட்டிணைவு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடத்தியது. ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12இல் முடிந்தது. வழியெல்லாம் தமிழ், முஸ்லிம், சிங்களச் சனங்கள் வந்து சேர்ந்தார்கள். அப்படியானால் இந்தப் பாதைக்குக் கதை கேட்கிற ஆள் இருக்கிறது. தினம் தினம் அதைச் சொல்கிற ஆள்தான் வேண்டும். நம்மில் எத்தனை பேர் ஏ/எல் முடித்துவிட்டு கொழும்புக் கடைகளுக்குப் போகிறோம்? சுற்றுலா வழிகாட்டிப் பயிற்சி எடுத்து லைசன்ஸ் வாங்க நமக்கென்ன தடை? தமிழ் இருக்கிறது, சிங்களம் இருக்கிறது, கொஞ்சம் ஆங்கிலம் படித்தால் போதும். கதை ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது.

நீங்கள் போவதாக இருந்தால், டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள், பறவை பார்க்கலாம். விடியற்காலை வங்காலை, வெயிலுக்கு முந்திக் கோட்டை, பிறகு பெருக்க மரம், பின்னேரம் தலைமன்னார். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். கைட்டிடம் தம்பி கேட்ட கேள்வியைக் கேளுங்கள்.

டூர் தலைமன்னாரோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். திரும்பி வரும் வழி மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை. ஏறக்குறைய அவர்கள் நடந்த அதே வழி. ஏசி போட்ட வேனில் மாத்தளைக்கு வர நாலைந்து மணித்தியாலம். நாங்கள் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் இறங்கினோம். காட்டைத் தாண்டி உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் முதலில் கும்பிட்ட அம்மன் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். தம்பி கற்பூரம் வாங்கினான். யாருக்காக என்று கேட்டேன். "பேரு தெரியலயே, பொதுவா கொளுத்துறேன்" என்றான்.