தாராவியில் ஒரு ஜனவரி வகுப்பு
குளிர்கால விடுமுறையில் பயணம், சேவை, மதிப்பெண் மூன்றும் ஒரே படிப்பில். லாபம் யாருக்கு?

மும்பையில் குளிர்காலம் என்பது பெயருக்குத்தான். ஸ்வெட்டர் தேவைப்படாது; வியர்வை குறையும், அவ்வளவே. சந்து சந்தாக நடக்க ஏற்ற இந்த டிசம்பர், ஜனவரி மாதங்களில்தான் ஊரையே பாடமாகப் படிக்கும் கல்லூரி மாணவர்களைத் தாராவியில் பார்க்க முடிகிறது.

அமெரிக்கக் கல்லூரிகள் சிலவற்றில் இதற்கென்றே ஒரு குறும்பருவம் உண்டு. புளோரிடாவில் இன்று எக்கர்ட் எனப்படும் கல்லூரி 1960இல் தொடங்கிவைத்த முறை இது: இரண்டு நீண்ட பருவங்களுக்கு நடுவே ஜனவரியில் ஒரே பாடம். இந்தியாவில் இதற்கு நெருங்கிய உறவு நாட்டு நலப்பணித் திட்டம். காந்தி நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் ஆரம்பித்தது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரச் சேவை, கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம்.

பயணத்தை மாட்டுங்காவில் தொடங்கலாம். ரூயா, பொதார், வி.ஜே.டி.ஐ. என்று கல்லூரிகள் நெருங்கி நிற்கும் பேட்டை. மல்லிகைச் சரம், வாழையிலை, ஃபில்டர் காபி என்று எதற்கும் குறைவில்லை. அங்கிருந்து நடந்தே போகும் தூரத்தில் தாராவி. இரண்டு இடங்களிலும் கேட்பது தமிழ்தான். ஆனால் மாட்டுங்காவுக்குக் குமாஸ்தா வேலை தேடி வந்தார்கள். தாராவிக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிட வந்தார்கள். பதனிடும் வேலை பிற்பாடு பெரும்பாலும் இடம் பெயர்ந்துவிட்டது. பையும் பெல்ட்டும் தைக்கும் பட்டறைகள் நிலைத்துவிட்டன.

பாடம் பட்டறைகளில் காத்திருக்கிறது. நகரம் தூக்கியெறிந்த பிளாஸ்டிக்கை நிறம் வாரியாகப் பிரித்து, நொறுக்கி, கழுவி, கூரையில் காயவைத்து, மறுபடி மூலப்பொருளாக்குகிறார்கள். கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் சூளைகள் புகைகின்றன. ஜனவரி நடுவில் தமிழர் வீட்டு வாசல்களில் பொங்கல் பானை ஏறுகிறது.

இவ்வளவையும் பார்ப்பது சேவையா, வேடிக்கையா? 2006இல் தாராவிச் சுற்றுலா நடத்த ஆரம்பித்த ரியாலிட்டி டூர்ஸ் நிறுவனத்துக்கும் இந்தக் கேள்வி எழுந்தது. கேமராவுக்குத் தடை, லாபத்தில் 80 சதவீதம் சமூகப் பணிக்கு என்பது அவர்கள் தந்த பதில். மாணவர்களின் சங்கடம் வேறு. பத்தே நாளில் எழுத்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனால் பதினோராவது நாள் குழந்தைக்கு வாத்தியார் இல்லை. மாணவருக்கோ மதிப்பெண் நிச்சயம்.

மாற்று வழி செம்பூர்ப் பக்கம் தெரிகிறது. 1936இல் பிறந்த டாடா சமூக அறிவியல் கழகம், தன் பவள விழா ஆண்டான 2011இல், தான் அமைந்திருக்கும் எம்-கிழக்கு வார்டையே களமாக எடுத்துக்கொண்டது. தேவ்னார் குப்பைமேடு இருக்கும் வார்டு அது. 2009ஆம் ஆண்டின் மனிதவள மேம்பாட்டு அறிக்கையில் மும்பையிலேயே கடைசி இடம். இங்கே மாணவர்கள் வருவார்கள், போவார்கள். நிறுவனம் அதே இடத்தில் இருக்கும். ஒரு அணி விட்ட வேலையை அடுத்த அணி தொடர முடியும்.

தாராவிக்கு இப்போது அப்படிப்பட்ட உழைப்பு தேவை. மறுசீரமைப்பு ஒப்பந்தப் புள்ளியில் 2022இல் அதானி குழுமம் வென்றது. 2000ஆம் ஆண்டு தொடங்குமுன் கட்டிய தரைத்தள வீடுகளில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு என்பது விதி. மாடியில் இருப்பவர்களுக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் கிடைப்பது வேறு கணக்கு. எனவே எந்த வீட்டில் யார், எந்த மாடியில் என்ன தொழில் என்பதெல்லாம் வாழ்க்கைப் பிரச்னை. ஒரே ஒரு சந்தை ஒழுங்காகப் பதிவுசெய்து, அதைத் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் அந்தச் சந்துக்காரர்கள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போகும் மாணவர், வாங்கிய மதிப்பெண்ணுக்கு ஈடுகட்டியவர் ஆவார்.