மணிக்கட்டிலிருந்து தொடங்குங்கள்

முதல் நாள் நான் யாருடைய விரலையும் பிரிப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மடங்கிய கையை என் மடியில் வாங்கி வைத்துக்கொள்வேன். "இழுத்து நிமித்துங்க மேடம், வலிச்சாலும் பரவால்ல" என்பார்கள் வீட்டில். பக்கவாதம் வந்து மூன்று நான்கு மாதம் ஆகியிருக்கும். ஆரம்பத்தில் துவண்டு கிடந்த கை மெல்ல மெல்ல முழங்கையில் மடங்கி, மணிக்கட்டில் கவிழ்ந்து, கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிக்கொண்டிருக்கும். கால் இதற்கு நேர்மாறு. முழங்கால் விறைத்து, பாதம் கீழ்நோக்கி உள்பக்கம் திரும்பியிருக்கும்.

தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய்ச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட் நான். இந்த இறுக்கத்தை நாங்கள் ஸ்பாஸ்டிசிட்டி என்போம்.

எந்தத் தசையையும் வேகமாக நீட்டினால் அது உடனே சுருங்கும். முட்டிக்குக் கீழே தட்டினால் கால் துள்ளுவது அதனால்தான். இந்தத் துள்ளலை மூளை ஓயாமல் அடக்கி வைத்திருக்கிறது. பக்கவாதத்தில் அந்தக் கட்டளை வரும் பாதை சேதமானால் அடக்க ஆளில்லை. அவசரமாக நீட்டும் கை நடுவழியில் சட்டென்று மாட்டிக்கொள்ளும். அதே கையை நிதானமாகக் கொண்டுபோனால் இன்னும் கொஞ்சம் வரும். இது நரம்பின் கோளாறு. மாதக்கணக்கில் மடங்கியே கிடக்கும் தசை நிஜமாகவே நீளம் குறைந்து போவது வேறு. அது சதையின் கோளாறு. எது எவ்வளவு என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

விரல் நுனியைப் பிடித்து இழுத்தால் கை இன்னும் இறுகும். விரல்களை மடக்கும் கயிறுபோன்ற நீண்ட தசைநாண்கள் முன்னங்கையிலிருந்து மணிக்கட்டைத் தாண்டித்தான் வருகின்றன. அதனால் மணிக்கட்டை முதலில் இன்னும் கொஞ்சம் உள்பக்கம் மடக்க வேண்டும். தசைநாண்கள் தளரும். கட்டைவிரலை அடிப்பகுதியில் பிடித்து வெளியே கொண்டுவந்தால் மற்ற விரல்கள் அவிழ ஆரம்பிக்கும். விரிந்த விரல்களை விடாமல், மணிக்கட்டை மெதுவாக மேலே தூக்கிக் காத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் தசை இளகுவது நம் கைக்குத் தெரியும்.

படித்து முடித்து வந்த புதிதில் நானும் இழுத்தவள்தான். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். "உங்க வண்டிச் சத்தம் கேட்டாலே அவர் கை இறுகிடுது மேடம்" என்றார் அவர் மனைவி. வலியும் பயமும் இறுக்கத்தைக் கூட்டும் என்று பாடத்தில் படித்தது, அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இன்னோர் உண்மையையும் ஏற்க வேண்டியிருந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட தொகுப்பு 49 ஆய்வுகளை, 2,135 பேரை எடுத்துப் பார்த்தது. 7 மாதத்துக்குக் குறைவாகச் செய்யும் நீட்டல், மூட்டின் அசைவில் சொல்லும்படியான மாற்றம் தருவதில்லை என்றது. அப்படியானால் நான் எதற்கு நீட்டுகிறேன்?

உள்ளங்கையைக் கழுவ. மூடிய கைக்குள் வியர்வை தங்கித் தோல் வெந்துபோகும். நகம் வளர்ந்து சதையில் குத்தும். சட்டைக் கைக்குள் கை நுழைய. எல்லாவற்றுக்கும் மேலாக, இளகிய அந்தச் சில நிமிடங்களில் கைக்கு ஒரு வேலை கொடுக்க. நீட்டிவிட்டு அப்படியே போர்வைக்குள் வைத்துவிட்டுப் போனால் அந்த நேரம் வீண். சற்றேனும் அசைவு மிச்சமிருக்கும் கை, அப்போது எதையாவது பிடிக்க வேண்டும், தள்ள வேண்டும்.

நேற்றுவரை இளகிய கை இன்று திடீரென்று இறுகினால் நான் கையைப் பார்ப்பதில்லை. மலச்சிக்கலா, சிறுநீரில் கிருமியா, படுக்கைப்புண்ணா என்று கேட்பேன். உடம்பின் எந்த மூலையில் வலித்தாலும் கையில் வந்து சொல்லும். தேவைப்பட்டால் மாத்திரைக்கும் பொட்டாக்ஸ் ஊசிக்கும் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புவேன்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. எத்தனையோ குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் யார் வந்தாலும் ஒரு மணி நேரம் இருப்போம். மீதி 23 மணி நேரமும் அந்தக் கை வீட்டாரிடம்தான் இருக்கிறது. தோளைப் பிடித்துத் தூக்காமல் உட்கார வைப்பது, கைக்கடியில் தலையணை வைப்பது எல்லாம் அவர்கள் கையில். அதனால் என் தொழிலில் பாதி, இன்னொருவர் கைக்கு நிதானத்தைக் கற்றுக்கொடுப்பதுதான்.

அந்தப் பெரியவரின் மனைவிக்கும் கற்றுக்கொடுத்தேன். தண்டவாளத்தை ஒட்டிய வீடு. எவ்வளவு நேரம் பிடிப்பது என்ற எண்ணிக்கை நினைவில் நிற்கவில்லை என்று அவரே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். மின்சார ரயில் வரும் சத்தம் கேட்டதும் மணிக்கட்டை மடக்கி விரல்களை விரிப்பார். சத்தம் தேய்ந்து முழுக்க மறைந்த பிறகே விடுவார். உடனே அந்தக் கைக்குள் காலி டம்ளரை வைப்பார். சில நாளில் தூரத்தில் ரயில் சத்தம் கேட்டதும், மனைவி சொல்லாமலேயே பெரியவர் கையை நீட்டிக் கொடுக்க ஆரம்பித்தார்.