மைக் இல்லாத மாநாடு: பழவேற்காட்டில் பி.ஆர். மாணவர்களுக்கு ஒரு நாள்

கழுத்தில் அடையாள அட்டை, தோளில் மாநாட்டுப் பை, பைக்குள் ஒரு நோட்டும் பேனாவும். இதழியல், விஷுவல் கம்யூனிகேஷன், மக்கள் தொடர்பு என்று படிக்கிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு மாநாடு என்றால் பாதி படிப்பு, பாதி உல்லாசம். வகுப்புத் தோழர்களோடு கூட்டமாக ரயில் ஏறுவது, ஏ.சி. அரங்கில் பெரிய மனிதர்களின் பேச்சைக் கேட்பது, இடைவேளையில் டீயும் சமோசாவுமாக வேறு கல்லூரி நண்பர்களைப் பிடிப்பது என்று இரண்டு நாள் ஓடிவிடும். சென்னையில் நடக்கிற மாநாடாக இருந்து, கடைசியில் ஒரு நாள் கையில் மிஞ்சினால் வழக்கமான விவாதம் ஆரம்பிக்கும். மகாபலிபுரமா, மெரினாவா?

இரண்டும் வேண்டாம். வடக்கே திரும்பி பழவேற்காடு போகலாம். மக்கள் தொடர்பு படிக்கிறவர்களுக்கு அங்கே ஒரு நாள் முழுக்கப் பாடம் இருக்கிறது. நண்டும் இருக்கிறது!

'பி.ஆர்.' என்று செல்லமாகச் சொல்லப்படும் மக்கள் தொடர்புத் துறை நம் நாட்டில் ஒரு தொழிலாக அமைப்பு பெற்றது சுதந்திரத்துக்குப் பிறகுதான். இந்திய மக்கள் தொடர்புச் சங்கம் 1958-ல் தொடங்கப்பட்டது. அதன் முதல் அகில இந்திய மாநாடு 1968 ஏப்ரல் 21 அன்று டெல்லியில் நடந்தது. அந்த நாள்தான் இன்றும் தேசிய மக்கள் தொடர்பு தினமாகக் கொண்டாடப்படுகிறது. அதே 1968-ல் அமெரிக்காவில் மாணவர்களுக்கென்றே ஒரு மக்கள் தொடர்புச் சங்கம் உருவானது.

இந்தப் படிப்பில் எல்லா மாணவரும் ஒருமுறையாவது பரீட்சையில் எழுதுகிற பதில் ஒன்று உண்டு. ஜேம்ஸ் க்ரூனிக், டாட் ஹன்ட் என்ற இருவர் 1984-ல் சொன்ன நான்கு வகை மக்கள் தொடர்பு. முதல் வகை, எப்படியாவது பெயர் வெளியே வந்தால் போதும் என்பது. இரண்டாவது, உண்மைத் தகவலைக் கொடுப்பது. ஆனால் ஒருவழிப் பாதை. மூன்றாவது, மக்கள் மனதைத் தெரிந்துகொண்டு அவர்களைத் தன் பக்கம் திருப்புவது. நான்காவது, இரண்டு பக்கமும் பேசி, இரண்டு பக்கமும் மாறுவது. மதிப்பெண் வாங்கித் தருவது நான்காவது. நடைமுறையில் அரிதாகக் கிடைப்பதும் அதுதான். பழவேற்காட்டில் இந்த நான்கையும் கண்ணால் பார்க்கலாம்.

ஊருக்குப் போகும் வழி

சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். சென்ட்ரல் பக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து பஸ். வயலும் இறால் பண்ணையும் மாறி மாறி வந்து, காற்றில் உப்பு வாசம் ஏறும்போது ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு ஓரம் மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவர, முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே வந்து போகிறது. இந்தக் கலப்பில்தான் இறாலும் நண்டும் மடவையும் வளர்கின்றன. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வந்து இறங்குவதும் இந்த ஆழமில்லாத தண்ணீரை நம்பித்தான்.

ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கிற நிலத்தில்தான் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. ராக்கெட் கிளம்பும் காட்சியை உலகமே டி.வி.யில் பார்த்துக் கைதட்டும். ஏவும் நாளில் அந்தப் பக்கக் கடலுக்குப் போகக் கூடாது என்று பழவேற்காடு மீனவர்களுக்கு எச்சரிக்கை வரும். அன்றைக்கு எத்தனை வலை நனையவில்லை என்பது எந்த நேரலையிலும் வருவதில்லை. மாணவர்கள் நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டிய முதல் விஷயம் இது.

துணிக்கும் பெயர், கல்லுக்கும் பெயர்

விளம்பரம் என்ற சொல் இப்போதைய அர்த்தத்தில் வருவதற்கு முன்பே இந்த ஊரின் பெயர் கடல் கடந்து ஒரு 'பிராண்ட்' ஆகியிருந்தது. இங்கிருந்து ஏற்றுமதியான கட்டம் போட்ட வண்ணக் கைக்குட்டைத் துணிக்கு ஐரோப்பாவில் 'புலிகாட்' என்றே பெயர். 18-ம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து நெசவாளர்கள்கூட அதே மாதிரித் துணியை நெய்து, அதே பெயரிலேயே விற்றார்கள். பெயர் உலகம் சுற்றியது. நெய்தவர்களில் ஒருவர் பெயரும் கூடவே போகவில்லை.

அந்தத் துணிக்காக வந்தவர்கள் டச்சுக்காரர்கள். 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைமையிடம். கோட்டை இன்று வெறும் மேடு, அதன் மேல் முள்மரங்கள். ஆனால் பக்கத்தில் இருக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாகவே இருக்கிறது. வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கும். உள்ளே போனால் அழகான டச்சு எழுத்துகள், குலச் சின்னங்கள், பூ வேலைப்பாடுகள்.

செல்ஃபி எடுத்து முடித்ததும் அங்கேயே ஐந்து நிமிடம் நிற்கலாம். இதே துறைமுகத்திலிருந்து பஞ்ச காலங்களில் நம் ஊர் மனிதர்களை அடிமைகளாகக் கப்பல் ஏற்றி பட்டேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பினார்கள். அவர்களுக்கு இங்கே ஒரு கல்கூட இல்லை. செலவு செய்ய முடிந்தவர்களின் கதை நானூறு ஆண்டு நிற்கும், மற்றவர்களின் கதையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல செய்முறைப் பாடம் கிடைக்காது.

சீட்டுப் போட்டுப் பிரிக்கிற தண்ணீர்

காலையில் சீக்கிரம் போனால் கரையில் ஏலம் பார்க்கலாம். கூடைகளைச் சுற்றிப் பெண்கள் நிற்க, விலை ஏறுவதும் படிவதும் சில நொடிகளில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் கேள்வித்தாளை நீட்டினால் யாருக்கும் பதில் சொல்ல நேரம் இருக்காது. வியாபாரம் ஓயும்வரை காத்திருந்து, "அண்ணே, கொஞ்சம் பேசலாமா?" "அக்கா, இது என்ன மீனு?" என்று ஆரம்பித்தால் பேச்சு தானாக வளரும்.

அப்படிப் பேச்சு வளரும்போது 'பாடு' என்ற சொல் கட்டாயம் வரும். ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கிற இடங்களுக்குப் பாடு என்று பெயர். யார், எந்த நாளில், எந்தப் பாட்டில் வலை கட்டலாம் என்பதை ஊரே கூடி, சீட்டுப் போட்டு, முறை வைத்துத் தீர்மானிக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் தெற்கு ஏரியைப் பகிர்ந்து வந்திருக்கின்றன. நல்ல இடம் ஒருவருக்கே நிரந்தரம் கிடையாது. முறை மீறினால் ஊர்ப் பஞ்சாயத்தில் பதில் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டைப் படிப்பதற்காக வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களும் இங்கே வந்திருக்கிறார்கள்.

இதில் குறையே இல்லையா? இருக்கிறது. பாட்டில் உரிமை பட்டினவர் சமூகத்தின் பழைய ஊர்களுக்குத்தான். இறால் ஏற்றுமதியாகி விலை ஏறிய பிறகு மற்ற ஊர்களும் பங்கு கேட்டன, சண்டைகள் வந்தன. வலையே இல்லாமல் தண்ணீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கிற இருளர்களுக்கு அந்தச் சீட்டில் பெயர் இல்லை. ஊர்க் கூட்டங்களில் முடிவெடுப்பது பெரும்பாலும் ஆண்கள். ஆகவே பழவேற்காட்டில் 'மக்கள்' என்று ஒரே சொல்லில் எழுதிவிட முடியாது. கோட்டைக்குப்பத்தில் ஒருவரிடம் பேசியதை வைத்து ஊர் முழுவதும் சொன்னதாக எழுதினால் அது தவறான செய்தி. வலைக்காரர், கூடைக்காரப் பெண், இருளர், ஜமீலாபாத்தில் பனை ஓலை முடைகிற இஸ்லாமியப் பெண் என்று பத்து நண்பர்கள் பத்துப் பக்கம் பிரிந்து போய் விசாரித்துவிட்டு, மாலையில் ஒன்றாக உட்கார்ந்து ஒப்பிட்டால் ஏரியின் பாதிக் கதையாவது தெரியும்.

30 நாள் நோட்டீஸ்

பாலத்தைத் தாண்டினால் லைட்ஹவுஸ் குப்பம். 1859-ல் முதல் கலங்கரை விளக்கம் எழுந்த கரை. கடலும் ஏரியும் சந்திக்கிற முகத்துவாரம் இந்தப் பக்கம்தான். மணல் சேர்ந்து அது அடைத்துக்கொண்டால் ஏரிக்குள் தண்ணீர் மாறாது, மீன் வராது, படகும் கடலுக்குப் போக முடியாது. அதனால்தான் நேர்கல் சுவர் எழுப்பி நிலையான முகத்துவாரம் வேண்டும் என்று மீனவர்கள் பல ஆண்டுகள் கேட்டார்கள்; அரசும் அந்தப் பணியைக் கையில் எடுத்தது.

இங்கிருந்து தெற்கே இருப்பது காட்டுப்பள்ளி துறைமுகம். எல் அண்ட் டி கட்டியது. 2018-ல் அதானி குழுமம் வாங்கியது. சுமார் 330 ஏக்கரில் உள்ள இதை 6,110 ஏக்கராக விரிவாக்க ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. கடலின் ஒரு பகுதியை மண்ணிட்டு நிரப்புவதும் அதில் அடக்கம். வேலைவாய்ப்பும் வர்த்தகமும் பெருகும் என்பது திட்டத்தின் வாதம். கரை அரிக்கும், முகத்துவாரம் பாதிக்கும், மீன்பிடி இடம் போகும் என்பது மீனவர்களின் வாதம்.

இரண்டு வாதங்களும் நேருக்கு நேர் சந்திக்க சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. அதுதான் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அதற்கான விதிகளைச் சொல்கிறது. ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். மக்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும். கூட்டம் முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். மீனவர் மைக்கில் சொல்வது அப்படியே அரசுக் கோப்பில் ஏறும்.

காட்டுப்பள்ளி விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரி 22 என்று ஒரு தேதி அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5 என்று மறுபடியும் அறிவிக்கப்பட்டு, அதுவும் தள்ளிப்போனது.

பி.ஆர். மாணவர்கள் கவனிக்க வேண்டியது அந்த 'சுருக்கம்' என்ற சொல்லைத்தான். முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கங்களில் இருக்கும். தமிழில் கையில் வருவது சில பக்கங்கள். மண் அரிப்பு, நீரோட்டம், தூர்வாருதல் பற்றிய பக்கங்களை, இரவு கடலுக்குப் போய்விட்டு வந்த ஒருவருக்குப் புரிகிற தமிழில், எதையும் மறைக்காமல், எதையும் ஊதிப் பெரிதாக்காமல் சொல்வதற்கு ஆள் தேவை. நாளைக்கு இந்த மாணவர்களில் ஒருவர் கம்பெனி பக்கம் உட்காரலாம், இன்னொருவர் அரசு அலுவலகத்தில், வேறொருவர் பத்திரிகையில். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அந்தச் சில பக்கங்களை எழுதுவது இவர்கள் வேலையாகத்தான் இருக்கும். அரைகுறையாக எழுதினால் 30 நாள் அவகாசம் இருந்தும் பிரயோசனம் இல்லை.

கவனத்துக்கு

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போனால் பறவைகளும் உண்டு, வெயிலும் குறைவு. படகுச் சவாரிக்கு யாரையும் வற்புறுத்த வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் நாளில் இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றத் தடை வந்தது. "காசு தர்றோம், ஒரு ரவுண்டு மட்டும்ணே" என்று கேட்பது படகுக்காரரையும் சிக்கலில் மாட்டிவிடும். மதியம் நண்டுக் குழம்புச் சாப்பாட்டை மட்டும் தவறவிடக் கூடாது.

இன்னொன்று. ஆராய்ச்சி, குறும்படம், புராஜெக்ட் என்று கல்லூரிக் கூட்டங்கள் வந்து கேட்டுக்கொண்டு போவதோடு சரி, எடுத்த படத்தையும் எழுதிய அறிக்கையையும் ஊர் பார்க்காமலே போவது எங்கும் நடக்கிற கதை. பழவேற்காட்டில் எடுத்த வீடியோவை எடிட் செய்து முடித்ததும், மதிப்பெண் போடும் பேராசிரியருக்கு அனுப்புகிற அதே நாளில், பேசிக்கொடுத்த அண்ணனுக்கும் அக்காவுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். "இந்த இடத்துல நான் சொன்னது இது இல்லையே தம்பி" என்று பதில் வந்தால், திருத்திவிட்டு மறுபடியும் அனுப்பலாம்.